ஒரே ஃபங்ஷனில் 1,300 வரிகள்! டொயோட்டா வழக்கில் வெளிவந்த ‘146’ என்ற எண் சொல்வது என்ன?

2007 செப்டம்பர். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணத்தில் நெடுஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைக்கு இறங்கிய 2005-ம் ஆண்டு மாடல் டொயோட்டா கேம்ரி கார் ஒன்று, வேகம் குறையாமல் ஓடி மண்மேட்டில் மோதியது. காரை ஓட்டிய பெண் படுகாயத்துடன் உயிர் தப்பினார். பக்கத்து சீட்டில் இருந்த அவருடைய தோழி இறந்துவிட்டார். ஹேண்ட் பிரேக் இழுக்கப்பட்டதைக் காட்டும் டயர் தடங்கள் சாலையில் பதிந்திருந்தன.

வழக்கு 2013 அக்டோபரில் ஜூரி முன்பு வந்தது. அங்கே சாட்சி சொன்னவர்களில் ஒருவர் மைக்கேல் பார். வாகனங்கள், கருவிகளுக்குள் ஓடும் சாஃப்ட்வேரில் நிபுணர். பலத்த கட்டுப்பாடுகள் கொண்ட ஓர் அறையில் உட்கார்ந்து, அந்த காரின் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கோடை அவருடைய குழு மாதக்கணக்கில் படித்திருந்தது. அவர் சொன்ன பல விஷயங்களில் ஒன்று, கோடிங் உலகத்தில் இன்றுவரை பேசப்படுகிறது. இன்ஜினுக்குள் காற்று போகும் த்ராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணக்கிடும் ஒரே ஒரு ஃபங்ஷன் சுமார் 1,300 வரிகள் நீளம். அதன் ‘சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி’ 146. இதுபோல 50-ஐத் தாண்டிய ஃபங்ஷன்கள் அந்த கோடில் 67 இருந்தன.

ஜூரி டொயோட்டாவைப் பொறுப்பாக்கி 30 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அதற்குமேல் தண்டனைத் தொகை எவ்வளவு என்று முடிவாகும் முன்பே கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விபத்துக்கு 146 என்ற எண்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சொல்லப்போனால், டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுப்பதாக வந்த புகார்களை 2011-ல் நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தபோது, அப்படி வேகமெடுக்க வைக்கும் மின்னணுக் கோளாறு எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அது உண்மையில் எதை அளக்கிறது?

ஃபங்ஷன்... ஒரு சின்ன அறிமுகம்

கோடிங் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொன்னால், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக எழுதி, பெயர் வைத்த கட்டளைத் தொகுப்புதான் ஃபங்ஷன். ஆன்லைன் பஸ் டிக்கெட் தளத்தில் ‘கட்டணம் கணக்கிடு’ என்று ஒன்று இருக்கும். பயணியின் வயது, பஸ்ஸின் வகை, தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் எவ்வளவு ரூபாய் என்று பதில் சொல்லும்.

முதலில் எழுதும்போது அது பத்து வரிதான் இருக்கும். அப்புறம் ‘குழந்தைகளுக்குப் பாதி டிக்கெட்’ என்று ஒரு நிபந்தனை சேரும். தீபாவளி சமயத்தில் கட்டணம் மாறும். கூப்பன் வரும். ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்ததற்காக யாரோ ராத்திரியில் உட்கார்ந்து நாலு வரி சேர்த்திருப்பார். யாரும் ‘600 வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதுவோம்’ என்று உட்காருவதில்லை. மூன்று வருடத்தில் அது தானாக அப்படி ஆகிவிடுகிறது.

எண்ணுவது ரொம்ப சிம்பிள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றிய தாமஸ் மெக்கேப் 1976-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு ஃபங்ஷனை ரோடு மேப் போல வரைந்து பார்க்கலாம் என்பது அவருடைய யோசனை. ‘இப்படி இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம்’ என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு கிளைச்சாலை. அந்தக் கிளைகளை எண்ணி ஒன்றைக் கூட்டினால் கிடைப்பதுதான் சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி.

நம் டிக்கெட் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தையா, மூத்த குடிமக்களா, ஏசி பஸ்ஸா, வார இறுதியா, கூப்பன் இருக்கிறதா. ஐந்து கேள்விகள், ஆக எண் 6. ‘கூப்பன் இருக்கிறது, மேலும் அது காலாவதி ஆகவில்லை’ என்று ஒரே வரியில் இரண்டு நிபந்தனை எழுதினால், பெரும்பாலான கருவிகள் அதையும் தனியாக எண்ணி 7 என்று காட்டும்.

இந்த எண்ணுக்கு நடைமுறையில் ஒரு அர்த்தம் உண்டு. ஒன்றுக்கொன்று வேறுபட்ட அடிப்படைப் பாதைகள் எத்தனை என்பதை அது சொல்கிறது. எல்லாவற்றிலும் ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும் என்றால் அத்தனை டெஸ்ட் தேவை. 146 என்றால் 146 டெஸ்ட். அதுவும் குறைந்தபட்சம்தான். ஏனென்றால் பாதைகளைக் கலந்து கலந்து போகும் வழிகள் இதைவிடப் பல மடங்கு. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தே பத்து நிபந்தனை இருந்தால் மெக்கேப் எண் 11-தான் வரும்; ஆனால் மொத்த வழிகள் 1,024.

இதை வைத்து 146-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஃபங்ஷனில் ஒரு வரியை மாற்றிய பிறகு, ‘வேறு எதுவும் கெடவில்லை’ என்று ஒரு இன்ஜினீயரால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? விவகாரமே இதுதான். அந்த எண், பிழை இருக்கிறது என்று சொல்லவில்லை. பிழை இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்கிறது. 50-ஐத் தாண்டினால் டெஸ்ட் செய்ய முடியாதது, 100-ஐத் தாண்டினால் பராமரிக்கவே முடியாதது என்ற அளவுகோல்தான் வழக்கில் பேசப்பட்டது.

எவ்வளவு இருந்தால் ஓகே?

மெக்கேப் சொன்ன வரம்பு 10. ஆனால் இது ஏதோ மந்திர எண் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். வரம்பை வரிக்கணக்கில் வைப்பவர்களும் உண்டு. விண்கலங்களுக்கான கோட் எழுதும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-ல் பத்து விதிகளை வெளியிட்டார். அவற்றில் ஒன்று, ஒரு ஃபங்ஷன் ஒரு தாளில் அடங்க வேண்டும், சுமார் 60 வரிக்குள். லினக்ஸ் கெர்னல் குழுவின் விதிமுறையில் ஒன்று அல்லது இரண்டு ஸ்கிரீன் அளவு. மூன்று அடுக்குக்கு மேல் நிபந்தனைக்குள் நிபந்தனை போகிறதென்றால் கதை முடிந்தது, போய் சரிசெய் என்ற பொருளில் அதே ஆவணம் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறது.

மெக்கேப் எண்ணுக்கு எதிர்ப்பும் பழையதுதான். வரிகள் கூடினால் இந்த எண்ணும் கூடத்தானே செய்யும், வரியை எண்ணினால் போதாதா என்ற விமர்சனம் 1980-களிலேயே வந்துவிட்டது. எனக்கு இன்னும் பொருத்தமாகப் படும் குறை வேறு. ஜனவரி என்றால் இது, பிப்ரவரி என்றால் இது என்று 12 மாதத்துக்கும் வரிசையாக எழுதிய ஃபங்ஷனை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். ஆனால் அதன் மெக்கேப் எண் 13. நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று நான்கு அடுக்கு போனால் தலை சுற்றும். அதன் எண் வெறும் 5!

இதைச் சரிசெய்யத்தான் சோனார்சோர்ஸ் நிறுவனம் ‘காக்னிடிவ் காம்ப்ளெக்ஸிட்டி’ என்ற வேறொரு அளவைக் கொண்டுவந்தது. படிப்பவர் மூளையில் ஏறும் சுமையைக் கணக்கிடும் முயற்சி அது. 12 மாத வரிசைக்கு 1 தான். நான்கு அடுக்குக்கு 1+2+3+4, ஆக 10. உள்ளே போகப் போக அபராதம் ஏறும். இந்தக் கணக்குகள் எதையும் கையால் போட வேண்டியதில்லை. சோனார்க்யூப், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஈஎஸ்லின்ட், பைத்தானுக்கு ரேடான், பல மொழிகளுக்கும் பொதுவாக லிசார்ட் என்று கருவிகள் இருக்கின்றன.

பிரித்தால் சிக்கல் குறையுமா?

நடத்தையை மாற்றாமல் கோடின் உள்ளமைப்பை மட்டும் சீர்செய்வதற்குப் பெயர் ரீஃபாக்டரிங். 1999-ல் மார்ட்டின் ஃபவ்லர் இதே பெயரில் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் கிட்டத்தட்ட பாடநூல். நீளமான ஃபங்ஷனுக்கு அதில் சொல்லப்படும் முதல் வைத்தியம், ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தனி ஃபங்ஷனாக்கிப் பெயர் வைப்பது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஆறு நிபந்தனைகளை மூன்று ஃபங்ஷன்களில் இரண்டு இரண்டாகப் போட்டால் நிபந்தனை குறைந்துவிட்டதா என்ன? இல்லை. மெக்கேப் கணக்குப்படி முன்பு 7, இப்போது 3+3+3, மொத்தம் 9. கூடிவிட்டது! ஆனால் டெஸ்ட் செய்பவர் இடத்தில் நின்று பாருங்கள். முன்பு எல்லா வழிகளையும் பார்க்க 64 விதமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது ஒவ்வொன்றையும் தனியாக டெஸ்ட் செய்ய முடிந்தால் 4+4+4, மொத்தம் 12 போதும். சிக்கல் காணாமல் போகவில்லை. அது ஒரு இடத்தில் குவியாமல் சுவர் எழுப்பியிருக்கிறோம்.

அந்த ‘தனியாக டெஸ்ட் செய்ய முடிந்தால்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரித்த மூன்றும் பின்னணியில் ஒரே பொதுவான தகவலைப் படித்து, மாற்றிக்கொண்டிருந்தால் சுவரில் ஓட்டை என்று அர்த்தம். டொயோட்டா கோடில் எந்த ஃபங்ஷனிலிருந்தும் தொடக்கூடிய ‘குளோபல் வேரியபிள்’கள் 10,000-க்கும் மேல் இருந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. 1,300 வரியை அழகாக முப்பது துண்டாக்கினாலும், முப்பதும் அதே பொதுப் பானையில் கைவிட்டால் பலன் கொஞ்சம்தான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? பெரும்பாலானோர் செய்யும் தப்பு, நேராகக் கோடை வெட்டுவது. முதலில் டெஸ்ட் எழுத வேண்டும். ‘இந்த ஃபங்ஷன் என்ன செய்ய வேண்டும்’ என்பதற்கான டெஸ்ட் அல்ல, ‘இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது’ என்பதற்கான டெஸ்ட். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல் பழைய கோடைக் கையாள்வது பற்றி எழுதிய புத்தகம் பிரபலமாக்கிய முறை இது. மூத்த குடிமகனுக்கு இப்போது 412 ரூபாய் என்று பதில் வருகிறதா, 412 என்றே பதிவு செய்துகொள்ளுங்கள். அது தப்பான தொகை என்று தோன்றினாலும் இப்போது தொடாதீர்கள். சீரமைப்பும் பிழைதிருத்தமும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டையும் கலந்தால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது அடுக்குகளைப் பிரிப்பது. ‘லாகின் செய்திருந்தால், சீட் காலியாக இருந்தால், பணம் வந்திருந்தால், டிக்கெட் கொடு’ என்று உள்ளே உள்ளே போவதற்குப் பதில் திருப்பிப் போடலாம். லாகின் இல்லையா, வெளியே போ. சீட் இல்லையா, வெளியே போ. பணம் வரவில்லையா, வெளியே போ. மிச்சம் இருப்பது டிக்கெட் கொடுக்கும் வேலை மட்டும். மெக்கேப் எண் அதே 4-தான். ஆனால் காக்னிடிவ் எண் 6-லிருந்து 3-ஆகப் பாதியாகும். கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

அதன் பிறகுதான் வெட்டுவது. எங்கே வெட்ட வேண்டும் என்பதைப் பல சமயம் பழைய கோடே காட்டிக்கொடுக்கும். நடுவில் ‘இங்கிருந்து கூப்பன் செக்’ என்று யாராவது குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் குறிப்புதான் புது ஃபங்ஷனின் பெயர். ஒரு துண்டு வெட்டு, டெஸ்ட் ஓட்டு, சேமி. மறுபடி அடுத்த துண்டு. இதில் வீரம் காட்ட எதுவும் இல்லை, ஸ்லோவான வேலை.

வெட்டக் கூடாத இடமும் உண்டு

மேனேஜர் ‘எல்லா ஃபங்ஷனும் 10-க்குள் வர வேண்டும்’ என்று டார்கெட் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ‘கட்டணம் பாகம் 1’, ‘கட்டணம் பாகம் 2’ என்று பெயர் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒன்பது தகவல்களைக் கடத்திக்கொண்டு ஒரு கோட் வரும். ரிப்போர்ட்டில் பச்சை விளக்கு எரியும். படிப்பவர் மட்டும் ஐந்து ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு முழிப்பார். பெயரே வைக்க வராத துண்டு, வெட்டக் கூடாத துண்டு. இது என் அபிப்ராயம் மட்டுமல்ல. சிறுசிறு துண்டுகளாக்குவதையே இலக்காக வைக்கக் கூடாது என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ஆஸ்டர்ஹவுட் 2018-ல் வெளியிட்ட புத்தகத்தில் விரிவாக வாதாடுகிறார்.

கூபர்நெட்டிஸ் என்ற ஓபன் சோர்ஸ் மென்பொருளில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கிளவுட் சர்வர்களில் ஸ்டோரேஜ் ஒதுக்கும் ஒரு ஃபைலின் தலைப்பிலேயே, ‘தயவுசெய்து இந்தக் கோடை எளிமையாக்க முயலாதீர்கள், இது ஸ்பேஸ் ஷட்டில் பாணியில் எழுதப்பட்டது’ என்ற பொருளில் பெரிய எச்சரிக்கை. ஒவ்வொரு ‘இருந்தால்’-க்கும் ஒரு ‘இல்லாவிட்டால்’ வெளிப்படையாக எழுதப்பட்டு, ஏன் என்ற விளக்கமும் இருக்கும். எந்தச் சூழ்நிலையும் விட்டுப்போகவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காக நீளத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தே எடுத்த முடிவுக்கும், மூன்று வருடத்தில் தானாக வீங்கியதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

ஆயிரக்கணக்கான ஃபங்ஷன் உள்ள பழைய புராஜெக்டில் எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஆடம் டோர்ன்ஹில் என்ற ஸ்வீடன் நாட்டு இன்ஜினீயர் சொல்லும் வழி ரொம்பப் பிராக்டிகல். காம்ப்ளெக்ஸிட்டி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அந்த ஃபைல் எத்தனை முறை மாற்றப்பட்டிருக்கிறது என்று கிட் வரலாற்றிலும் பாருங்கள் என்கிறார். எண் 60 இருந்தாலும் ஐந்து வருடமாக யாரும் தொடாத ஃபங்ஷன் தூங்கட்டும். எண் 25 இருந்து, வாரம் இரண்டு முறை யாராவது கை வைக்கிறார்களா? அடுத்த பக் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

மிச்சமுள்ள பழைய கோடுக்குப் பல டீம்கள் ஒரு சமரசம் செய்துகொள்கின்றன. ஏற்கெனவே இருக்கும் எண்ணை அப்படியே உச்சவரம்பாக வைத்துவிடுவார்கள். இன்று 38 என்றால் நாளை 37 ஆகலாம். 39 ஆனால் கருவி கோடை ஏற்காது. அப்போது புதிதாக ஒரு நிபந்தனை சேர்க்க வருபவர், முதலில் பழையது ஒன்றைப் பிரித்தாக வேண்டும்.