உங்க ஊரைப் பத்தி தொடர் எழுதணுமா? இடைசெவல்ல இருந்து கத்துக்கலாம்!

சொந்த ஊர் வாழ்க்கையை வாராவாரம் எழுதணும்னு முடிவு பண்ணிட்டீங்க. முதல் வாரம் கோயில் கொடை, ரெண்டாவது வாரம் டீக்கடை. மூணாவது வாரம்? பலர் நின்னுபோற இடம் இதுதான். எழுத விஷயம் இல்லாம இல்லை. என்ன கேட்கணும்னு முடிவு பண்ணாததுதான் சிக்கல்.

கோவில்பட்டி பக்கத்துல இருக்கிற இடைசெவல், கு.அழகிரிசாமி (1970), கி.ராஜநாராயணன் (1991) என ரெண்டு சாகித்ய அகாடமி விருதாளர்களைத் தந்த ஊர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விவசாயியான கி.ரா, எழுத்தாளர்தான், சமூகவியலாளர் இல்லை. ஆனா, ஒரு ஊரை விடாம எப்படிப் பதிவு பண்றதுன்னு அவர்கிட்ட கத்துக்கலாம்.

கடுதாசி: வடிவம் ஒண்ணு, விஷயம் வேற

ஜூனியர் விகடனில் அவர் எழுதிய தொடரின் பெயர், 'கரிசல் காட்டுக் கடுதாசி'. கடிதம்னு வடிவத்தை முடிவு பண்ணிட்டா, மழை, சாப்பாடு, விவசாயம், மனுஷங்கன்னு எதை வேணும்னாலும் உள்ளே கொண்டுவரலாம். நீங்களும் முதல்ல வடிவத்தைப் பிடிங்க. உதாரணமா, 'ஒருத்தரோட ஒருநாள் வேலை': தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய் பட்டறை, பருத்திக்காடுன்னு வாரம் ஒருத்தர்.

வாரம் ஒரு சொல்

1982-ல் வெளிவந்தது கி.ரா-வின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. ஒரு சொல்லை இழுத்தா, ஊரே கூட வரும். 'சம்சாரி'யையே எடுத்துக்கோங்க. மத்த இடங்கள்ல குடும்பஸ்தர், கரிசல்ல விவசாயி. சரி, யாரை அப்படிக் கூப்பிடறாங்க? நிலம் இருக்கிறவரை மட்டுமா, கூலிக்குப் போறவங்களையுமா? பெண்களை ஏன் அப்படிக் கூப்பிடறதில்லை? அகராதிப் பொருள் ஒரு வரியில முடிஞ்சிடும். இந்தக் கேள்விகள்லதான் சமூகம் தெரிய ஆரம்பிக்கும்.

அதே தெரு, அதே கேள்வி

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் மாணவர்களை கிராமங்களுக்கு ஆய்வுக்கு அனுப்பினார். அதில் ஒண்ணு, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற வடமலாபுரம். சுமார் 20 வருஷம் கழிச்சு அதே ஊர்களுக்கு வேறு ஆய்வாளர்கள் போனாங்க. அதுக்குப் பிறகும் மறு ஆய்வு நடந்தது. திரும்பப் போனதாலதான் என்ன மாறுச்சுன்னு ஒப்பிட முடிஞ்சது.

நீங்க ஒரே ஒரு தெருவை எடுத்துக்கோங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை அதே அஞ்சு கேள்வி. எத்தனை வீடு பூட்டியிருக்கு, யார் திருப்பூர் போனாங்க, யார் திரும்பி வந்தாங்க, யார் விதைச்சாங்க, எந்தக் காட்டுல சீமைக்கருவேலம் ஏறிடுச்சு?

யாரை விட்டுட்டீங்க... யாரை மாட்டிவிட்டீங்க?

உங்க தெரு ஆட்கள்கிட்ட மட்டும் பேசினா, அது உங்க சாதியோட கதை. ஊர்க் கதை இல்லை. டீக்கடை பெஞ்சுல மட்டும் கேட்டா, அது ஆம்பளைங்க கதை. ஒவ்வொரு மாசமும் யார்கிட்ட பேசலைன்னு ஒரு பட்டியல் போடுங்க.

பெயரை மாத்திட்டா போதும்னு நினைக்காதீங்க. 'ரேஷன் கடை எதிர்வீட்டு அக்கா'ன்னு எழுதினாலே ஊருக்கே யாருன்னு தெரிஞ்சிடும். கடன், காதல் கல்யாணம், சாதிச் சண்டை விவகாரம்னா, வெளியிடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டுங்க. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க. நீங்க எழுதிட்டு சென்னைக்கு பஸ் ஏறிடுவீங்க. அவங்க அங்கேதான் வாழணும்.

பேக்கப் முக்கியம்

சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ், மைசூர் பக்கத்து கிராமத்துல 1948-ல் தங்கி ஆய்வு செஞ்சவர். தொகுத்து வெச்சிருந்த குறிப்புகளின் மூணு பிரதிகளும் 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரே தீயில எரிஞ்சுபோச்சு. நினைவில் இருந்ததை வெச்சே அவர் எழுதிய புத்தகம் 1976-ல் வந்தது. நமக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது. ஆடியோ, குறிப்பு ரெண்டையும் போன்ல மட்டும் வெக்காதீங்க.

முதல் மாசத்துக்கு இது போதும்: ஒரு சொல், ஒருத்தரோட வேலைநாள், ஒரு கடுதாசி, ஒரு தெருக் கணக்கு. நாலு வாரம் ஓடிடும். அஞ்சாவது வாரம் என்ன எழுதறதுன்னு ஊர்க்காரங்களே சொல்லுவாங்க.