கையில் இருப்பதே கருவி



கூட்டம் முடிந்து கலையும்போது யாராவது ஒரு மாணவர் கேட்பார்: எனக்கு மேடையில் பேச வராது, எழுதவும் வராது, போராட்டத்தில் எனக்கு என்ன இடம்? இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, தன் மக்கள் நடக்கக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வண்டியை ஓட்டினார். பின்னர் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர் மக்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களை வழிநடத்திய அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1915இல் கொல்லத்தில் புலையர் பெண்கள், சாதி அடையாளமாகக் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள்.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கருடன் ஆயிரக்கணக்கானோர் சவதார் குளத்துக்கு நடந்து சென்று தண்ணீர் குடித்தார்கள். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் இருந்த உரிமையை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

2016இல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக, சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டுச் சடலங்களைக் கொண்டுவந்து போட்டார்கள் நம் மக்கள். எந்த வேலையைச் செய்ததற்காக இழிவுபடுத்தினார்களோ, அந்த வேலையை மறுப்பதே போராட்டமானது.

வண்டி, மாலை, தண்ணீர், மாட்டுச் சடலம்: எல்லாமே அன்றாடப் பொருட்கள். சாதி அன்றாட வாழ்வில்தான் குடியிருக்கிறது. அதனால் எதிர்ப்பும் அங்கேயே தொடங்குகிறது. எந்தப் பொருளில் இழிவு ஏற்றப்பட்டிருக்கிறதோ, அதையே திருப்பிப் பிடிப்பதுதான் இந்தப் போராட்டங்களின் சூத்திரம்.

ஆனால் விலையை மறைக்கக்கூடாது. மகாத்தில் தண்ணீர் குடித்தவர்கள் தாக்கப்பட்டார்கள். வழக்கு முடிய 1937 வரை ஆனது. திருவிதாங்கூரில் வேலையை நிறுத்தியவர்களைப் பட்டினி வாட்டியபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை கொடுத்துத் தாங்கினார்கள். அந்தப் படகுகள் இல்லையென்றால் அந்த வேலைநிறுத்தம் நின்றிருக்காது. ஆகவே செயலைத் திட்டமிடும்போதே, அடி விழுந்தால் யார் உடன் நிற்பார், கூலி நின்றால் யார் சோறு போடுவார் என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஒருவர் நடக்கலாம். ஒருவர் நடந்ததைத் தேதியோடு குறித்துவைக்கலாம். ஒருவர் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, விடுதிக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்கலாம். ஒருவர் தன் வீட்டில் ஒரு வேளை உலையில் கூடுதலாக அரிசி போடலாம். மேடை ஏறுபவருக்கு உள்ள அதே இடம் இவர்களுக்கும் உண்டு.

உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.