விழுந்து பழகிய சைக்கிள்

பதுளைப் பெண்களுக்கும் சைக்கிளுக்கும் வெகு தூரம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். ஏற்றமும் இறக்கமுமான பாதையில் கொழுந்து மூட்டையோடு நடப்பதுதான் எங்கள் பெண்களுக்குத் தெரிந்த பயணம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பஸ் ஓடாத நாட்களில் என் கணவர் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். அவர் ஓட்டினார், நான் நடந்தேன். "துணிந்து நில்லுங்கள்" என்று கூட்டங்களில் பெண்களுக்குச் சொல்லும் எனக்கு சைக்கிளில் ஏறத் துணிவில்லை.

கடந்த வருடம் விடுமுறைக்கு இருவரும் தமிழ்நாடு போனோம். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எங்கள் மாமா குடும்பம் புதுக்கோட்டைப் பக்கம் குடியேறியிருந்தது. மாமா மகன் தன் வேனில் எங்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். அத்தையும் வந்தார். உள்ளே பாய், அடுப்பு, அரிசி. மேலே இரண்டு சைக்கிள்கள். சமையலும் தூக்கமும் வழியிலேயே.

முதல் விபத்து சித்தன்னவாசலுக்கு அருகில். "பின்னால ஏறு" என்றார் கணவர். கொஞ்ச தூரம் போவதற்குள் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. ஆட்டைக் காப்பாற்றிவிட்டு எங்கள் இருவரையும் சீமைக் கருவேல முள்ளில் தள்ளினார். அன்றிரவு வேனுக்குள் ஒருவருக்கொருவர் முள் எடுத்ததுதான் மிச்சம்.

மறுநாள் கண்மாய்க் கரையில் நானே ஏறினேன். கணவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் கையை விட்டது தெரிந்ததும் விழுந்தேன். இரண்டாம் முறை சேலை செயினில் சிக்கியது. மூன்றாம் முறை சரிவில் பயந்து முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். தலைகுப்புற விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள், கணவரும் சிரித்தார். எனக்கோ அழுகை.

"போதுங்க, எனக்கு இது வராது."

அத்தை விடவில்லை. "சிரிச்சா சிரிக்கட்டும்டி. விழாம யாரு பழகுனா? எங்களப் பாத்து ஊரே சிரிச்சுச்சு" என்றார்.

புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அதன் குறுக்குக் கம்பி பிள்ளையை உட்காரவைக்க உதவியது. கையெழுத்தும் சைக்கிளும் ஒன்றாகப் பழகியவர் எங்கள் அத்தை.

அவர் என் தவறுகளைத் திருத்தினார். பழகும்வரை இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருக வேண்டும். முன் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் பாதையைப் பார்க்க வேண்டும். சரிவில் பின் பிரேக்கைப் பிடித்து, முன் பிரேக்கை மெதுவாகச் சேர்க்க வேண்டும். நான்காம் நாள் மாலை கண்மாய்க் கரை முழுவதும் தனியாக ஓட்டினேன். கணவர்தான் பின்னால் ஓடிவந்து களைத்துப்போனார்!

ஊர் திரும்பி இந்தக் கதையைப் பெண்கள் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒரு சகோதரியைத் தவிர. 1983 வன்செயலின்பின் அவரது குடும்பம் பதுளையிலிருந்து வவுனியாவுக்குப் போனது. யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளோடு ஊர் திரும்பியவர் அவர். "அங்க நான் சைக்கிள்லதான் வேலைக்குப் போனேன். இங்க ஏதாவது சொல்வாங்கன்னு விட்டுட்டேன்" என்றார் மெல்ல.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து மைதானத்தில் அவர்தான் எங்களுக்கு ஆசிரியை. ஏழு பெண்கள் பழகுகிறோம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறோம், சமதரையில் ஓட்டுகிறோம்.

தோழிகளே, 1990களில் எரிபொருள் இல்லாத வடக்கில் சைக்கிளிலேயே குடும்பத்தைச் சுமந்தவர்கள் உங்களில் பலர். அந்தத் திறமையை மறைத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள். அவள் விழுந்தால் தூக்கிவிட்டு, பிறகு சேர்ந்து சிரியுங்கள்.