கொரோனா காலத்து நிமோனியாவும் உண்ணிக் காய்ச்சலும்

ஸ்கேன் சொல்லாத செய்தி

2020-இல் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் என்றாலே கொரோனா என்று எண்ணியதில் தவறில்லை; ஊரெங்கும் பரவியிருந்தது அதுதான். ஆனால் சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் தெரியும் மங்கலான வெண்படலம் கொரோனாவுக்கு மட்டும் உரியதன்று. செஞ்சி, மேல்மலையனூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுப்பவருக்கும், மலையடிவாரப் புதர்களில் ஆடு மேய்ப்பவருக்கும் உண்ணிக் காய்ச்சல் வரலாம். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் தமிழக வடமாவட்டங்களில் அது தலைதூக்குகிறது. கண்ணில் படாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிக்கும்போது உடலில் புகும் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா நுண்ணிய இரத்தக்குழாய்களைத் தாக்கும். அவை கசிந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். படம் ஒன்றுபோல் இருந்தாலும் மருந்து வேறு. நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி உண்ணிக் காய்ச்சலுக்குப் பயன்படாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். நுரையீரல் முதலிய உறுப்புகள் பாதிக்கப்பட்ட நிலையில் இவ்விரண்டையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தருவதாக, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

கூட்டத்துக்கு நடுவே அரிய நோயைத் தேடுவதா?

படுக்கை கிடைக்காத நாட்களில் ஒவ்வொருவருக்கும் பத்துப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. எல்லாருக்கும் எல்லாம் வேண்டாம். ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் என்றாலும் கொரோனா இல்லையென்று உறுதியாகாது. அதனால் அன்று முதலில் கொரோனா என்றே வைத்துப் பார்த்தது சரி. இரண்டு மூன்று நாளில் நிலை தேறாதபோதும் அந்த முடிவை மறுபடி பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, கழுத்து ஆகிய இடங்களில் சிற்றுண்ணி கடித்த தடமாக, சிகரெட்டால் சுட்டதுபோல் வலியற்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை. பாதுகாப்புக் கவசத்துடன், தொடாமல் தள்ளி நின்று நோயாளியைப் பார்த்த காலத்தில் தவறிப்போகக்கூடியதும் அதுதான். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. சந்தேகம் வலுத்தால் ஐ.ஜி.எம். எலைசா இரத்தப் பரிசோதனை உதவும்.

பாசிட்டிவ் வந்த பிறகும்

கொரோனா உறுதியானால் வேறு நோய் இல்லை என்று பொருளாகாது. 2020 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், டெங்கு, மலேரியா, உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் ஆகியவை கொரோனாவுடன் சேர்ந்தே வரலாம் என்றது. காசநோயும் அப்படித்தான்; ஆனால் அது கவனிக்கப்படாமல் போனது: இந்தியாவில் 2019-இல் சுமார் 24 லட்சமாகப் பதிவான காசநோயாளிகள் 2020-இல் 18 லட்சமாகக் குறைந்தார்கள். நோய் திடீரென அவ்வளவு குறைந்திருக்க வழியில்லை, கண்டறிவதுதான் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளியைக் காக்கும் ஸ்டீராய்டு, மறைந்திருக்கும் காசநோயைக் கிளறிவிடக்கூடும். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடைக்குறைவும் இருந்தால் சளிப் பரிசோதனையை வற்புறுத்திக் கேளுங்கள். காய்ச்சலோடு போகிறவர் கொல்லைவேலை, ஆடு மேய்ப்பு, சர்க்கரை நோய் பற்றி மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.