ருடால்ஃப் ஹார்பிக்

ஜெர்மனியின் நடுத்தொலைவு ஓட்டவீரர் ருடால்ஃப் ஹார்பிக் 1913-ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகரில் பிறந்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 4 x 400 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற ஜெர்மன் அணியில் அவரும் ஒருவர்.

அவருடைய பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர். வேகமாகச் சிறிது தூரம் ஓடுவது, சற்று ஓய்வெடுப்பது, மீண்டும் ஓடுவது என்ற இடைவெளிப் பயிற்சியை முறைப்படுத்திய முன்னோடி அவர். அதன் பலன் 1939 ஜூலை 15 அன்று மிலான் நகரில் தெரிந்தது. இத்தாலியின் மாரியோ லான்சியை முந்திய ஹார்பிக், 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் கடந்தார். பழைய உலக சாதனையைவிட இது 1.8 விநாடி குறைவு. நூறில் ஒரு பங்கு விநாடிக்காகப் போராடும் இந்த ஓட்டத்தில் நம்புவதற்கே கடினமான பாய்ச்சல். அடுத்த மாதமே பிராங்க்ஃபர்ட்டில் 400 மீட்டரை 46.0 விநாடியில் ஓடி இன்னொரு உலக சாதனை படைத்தார்.

செப்டம்பரில் போர் மூண்டது. 1940 ஒலிம்பிக் நடக்கவில்லை. 1941-இல் டிரெஸ்டனில் 1000 மீட்டர் உலக சாதனையையும் படைத்த ஹார்பிக், 1944 மார்ச்சில் கிழக்குப் போர்முனையில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 30. மிலான் சாதனையை 1955-இல்தான் பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ் முறியடித்தார்.