எய்ம்ஸை மீட்ட நகல்

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவலை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டியது. பல நாட்கள் நோயாளிப் பதிவுகூடக் கையால்தான் நடந்தது.

மீட்டது, தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வர்.

இதே பாடம் டெல்லி சதர் பஜார் மொத்தக் கடைகளுக்கும் பொருந்தும். அவற்றில் பலவற்றில் ஐடி ஆள் கிடையாது. ஆனாலும் ஜிஎஸ்டி கணக்கை வாரந்தோறும் ஹார்டு டிஸ்கில் நகலெடுக்க முதலாளியே போதும். எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் அந்த நகலும் பூட்டப்பட்டுவிடும். பில்லிங் கணினியும் வாடிக்கையாளர் வைஃபையும் ஒரே இணைப்பில் இருப்பது பேராபத்து. எய்ம்ஸ் தாக்குதலுக்கு வலையமைப்பை முறையாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பும் தேவை.

இணைய மோசடியில் பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, மோசடிக் கணக்கிலேயே பணத்தை முடக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.