முருகனுக்கு மூஞ்சியக் காணோம்!

சிவகாசியில் நமக்கு ஒரு நண்பர். அச்சகத்தில் கணக்கு எழுதுகிறார். ஊருக்கெல்லாம் காலண்டர் அடிக்கிற ஊராயிற்றே... அவர் வீட்டில் சுவர் எங்கே என்று தேட வேண்டும், அவ்வளவு காலண்டர்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆறு வயது மகள் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "அப்பா, முருகனுக்கு மூஞ்சியக் காணோம்!" என்றாள். நண்பர் சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். கையை வலது கண்ணுக்கு மாற்றி, "இப்ப வந்துட்டாரு!" என்றாள். அப்போதுதான் மனுஷனுக்கு வயிற்றில் 'சுரீர்'.

மறுநாளே மதுரைக்கு பஸ். வலது கண்ணில் ஏகப்பட்ட பவர். அது அனுப்பிய மங்கலான படத்தை மூளை ஒதுக்கிவிட்டு, இடது கண்ணை வைத்தே குடும்பம் நடத்தி வந்திருக்கிறது. இதற்குச் 'சோம்பேறிக் கண்' என்று பெயர். நியாயமே இல்லாத பெயர். கண் என்ன செய்யும்? மேலிடம் வேலை தரவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. நம் ஆபீஸ்களில் பார்க்காததா!

குழந்தை ஏன் சொல்லவில்லை? பிறந்ததிலிருந்தே அப்படித்தான். உலகமே இவ்வளவுதான் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

வைத்தியம் ரொம்ப எளிது: முதலில் கண்ணாடி. அது போதாவிட்டால் நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடி, மங்கல் கண்ணை வேலை வாங்குவது. சாதாரணக் கேஸ்களுக்கு இரண்டு மணி நேரமே போதும் என்கிறார்கள். ஆனால் வீட்டில் கலாட்டா. "நல்லா இருக்கிற கண்ணை மூடச் சொல்றானே, அவன் என்ன டாக்டரு? பொம்பளப்புள்ளைக்குச் சோடாபுட்டி மாட்டினா நாளைக்கு எவன்டா கட்டுவான்?" என்று பாட்டி ஒரே பிடி.

நண்பர் அசையவில்லை. காரணம், அவருடைய தம்பி. போலீஸ் வேலைக்குப் போய், ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் பாஸாகி, கண் பரிசோதனையில் வெளியே வந்தவர். அதே வலது கண். அதே கோளாறு. ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் நல்ல பலன். அப்புறம் முயற்சி செய்யலாம், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு.

மகளுக்குத் துணையாக நண்பரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் உலாத்தியிருக்கிறார். எட்டு மாதம் கழித்து, ராகு காலம் எத்தனை மணிக்கு என்று காலண்டரின் பொடி எழுத்தை வலது கண்ணாலேயே படித்தாளாம்.

மாறுகண்ணும் இதே கதைதான். 'அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடுவார்கள். பிறந்த சில மாதங்கள் கண் அலைபாய்வது சகஜம். நாலைந்து மாதத்துக்குப் பிறகும் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பாப்பாவில் வெள்ளையாக ஏதாவது மின்னினால் ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது. புரையாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம்.

நம் விருதுநகர் வெயிலில், தூசியில் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் 'போன தடவை கொடுத்த சொட்டு' என்று வாங்கி ஊற்றுகிறோமே, அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு உடனே நிற்கும்; மாதக்கணக்கில் ஊற்றினால் கண் அழுத்தமும் புரையும் வரும். மெட்ராஸ் ஐக்குத் தாய்ப்பால் பீய்ச்சுவதும் வேண்டாம். தனித் துண்டு, கை கழுவுதல், டாக்டர். அவ்வளவே.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியும் நம் கரிசல் பக்கத்துக்காரர்தான். மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆபரேஷன் செய்தவர்.

சிவகாசியைச் சொல்லிவிட்டுப் பட்டாசைச் சொல்லாமலா? வெடிக்காத புஸ்வாணத்தைக் குனிந்து பார்ப்பதுதான் பெரிய வினை. வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கும் படும். பட்டுவிட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்தால் மட்டும் நேர் எதிர்: அந்த இடத்திலேயே தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றிக் கழுவிவிட்டு, பிறகு ஓட்டம்.

போன தீபாவளிக்கு நண்பர் வீட்டில் கம்பி மத்தாப்பு மட்டும். மகள் வாசலுக்கு ஓடினாள். "ஏய், கண்ணாடியைப் போட்டுட்டுப் போடீ!" என்று பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடியது... பாட்டி!